உங்கள் சார்பாக நாங்கள்

தம்பதி ஆலோசனைக்கு முதல்முறை போகிறவர்களுக்கு அந்த மையத்தில் வழவழப்பான ஒரு கையேடு கொடுப்பார்கள். 'முதல் சந்திப்பில் என்ன எதிர்பார்க்கலாம்?' என்பது அதன் தலைப்பு. உள்ளே முதல் வரி, 'எதையும் எதிர்பார்க்காமல் வாருங்கள்' என்று இருக்கும். அந்த மையத்தில் எழுத்திலும் பேச்சிலும் சொல்லப்பட்ட ஒரே உண்மை அதுதான். அதோடு நிறுத்தியிருந்தால் எத்தனையோ குடும்பங்கள் பிழைத்திருக்கும். அவர்கள் நிறுத்தவில்லை.

இந்தக் கதையில் மாட்டிக்கொள்கிறவன் ஒரு மெத்தைக் கடை விற்பனையாளன். தொழிலில் கெட்டிக்காரன். கடைக்கு வரும் புருஷன் மட்டும் மெத்தையில் உட்கார்ந்து ஒரு குதி குதித்துவிட்டு, "சரி, வண்டில ஏத்திடுங்க" என்றால் விடமாட்டான். "அம்மா, நீங்களும் படுத்துப் பாருங்க. உங்க இடுப்புக்கு எப்படி இருக்குன்னு நீங்கதானே சொல்லணும்?" என்பான். இருவரும் தலையாட்டினால்தான் பில் போடுவான். அப்படிப்பட்டவன் தன் சொந்த வீட்டு ஹாலில், வெறுந்தரையில் ஒரு விரிப்பைப் போட்டுப் படுத்துக்கொண்டிருந்தான். ஊருக்கெல்லாம் மெத்தை, அவனுக்கு முதுகுவலி.

காரணம் சின்னது, ஆனால் அவன் நினைத்த அளவுக்குச் சின்னது இல்லை. அவன் மனைவி ஒரு லேபில் ரத்தம் எடுப்பவள். நரம்பே தெரியாத கையிலும் விரலால் இரண்டு தட்டுத் தட்டிக் கண்டுபிடித்துவிடுவாள். லேபின் முதலாளியம்மா பக்கத்து ஊரில் புதுக் கிளை திறக்க முடிவு செய்து, அதற்கு அவளையே பொறுப்பாளராகப் போடலாம் என்று வீட்டுக்குப் போன் செய்தாள். மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். போனை எடுத்தவன், "அவ வரமாட்டா மேடம். எங்களுக்கு இந்த ஊரே பழகிடுச்சு" என்று சொல்லி வைத்துவிட்டான். அவளிடம் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தான். ஆனால் அன்றைக்குக் கடையில் தள்ளுபடி விற்பனை. மறந்துபோனான்.

அவளிடம் தொழில் கற்றுக்கொண்ட பெண் ஒருத்தி பொறுப்பாளராகப் போனாள். அவளுக்குக் கேக் வெட்டி வழியனுப்பிய அன்று, கையில் கேக்குத் துண்டோடு முதலாளியம்மா, "நீதான் வரமாட்டேன்னு சொல்லிட்டியாமே" என்றாள். அன்று மாலை வீட்டில் நடந்ததை விரிவாக எழுதுவது நாகரிகமில்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம்.

"முன்னபின்ன தெரியாத ஆளுக்கு ஊசி போடறதுக்கு முன்னாடிகூட 'குத்தட்டுமா?'ன்னு கேட்டுட்டுத்தான் குத்தறேன். கடைக்கு வர்றவங்க இடுப்பையெல்லாம் நீங்களும் கேக்கறீங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா?" என்றாள் அவள்.

அவன் அந்தக் கேள்வியோடு சேர்த்து விரிப்பைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தான்.

ஏறக்குறைய ஒரு வருஷம் இப்படியே ஓடியது. பிறகு அந்தப் பொறுப்பாளர் பெண் வேலையை விட்டுப் போனாள். முதலாளியம்மா மறுபடியும் கூப்பிட்டாள். "மாசக் கடைசிக்குள்ள சொல்லு. இந்தத் தடவை உன் வாயாலயே சொல்லு" என்றாள். மனைவி அந்தச் செய்தியைச் சமையலறையில் அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். ஹாலில் இருந்தவன் டிவியைப் பார்த்துக் கேட்டுக்கொண்டான். 'போறியா?' என்று கேட்டால் போதும் என்று அவனுக்குத் தெரியும். கேட்டால் 'போறேன்' என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். சொல்லிவிட்டு, 'நீங்களும் வாங்க' என்று சொல்லாமல் விட்டுவிட்டால் என்ன செய்வது என்பது அதைவிடப் பெரிய பயம். அதனால் வாயைத் திறக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் அவன் கொழுந்தியாள், அதாவது மனைவியின் தங்கை, மையத்தைப் பற்றிச் சொன்னாள். "அங்க போக ஆரம்பிச்சதிலேர்ந்து எங்களுக்குள்ள சண்டையே இல்ல அத்தான்."

"பரவாயில்லையே. இப்ப ரெண்டு பேரும் நல்லாப் பேசிக்கறீங்களா?"

"பேச்சா? பேசறதே இல்லையே!" என்றாள் அவள் பெருமையாக.

அவன் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். மாசக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. முழுகுகிறவனுக்கு எது கிடைத்தாலும் பிடித்துக்கொள்ளத்தானே தோன்றும். கொழுந்தியாளே அக்காவிடமும் பேசிச் சம்மதிக்க வைத்து இருவரையும் அனுப்பி வைத்தாள்.

மையத்தில் செருப்பை வெளியே விட வேண்டும், செல்போனை ஒரு பெட்டியில் போட வேண்டும், குரலைத் தாழ்த்த வேண்டும். உள்ளே பிளாஸ்டிக் செடிகள். எங்கிருந்தோ ஓடைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது ஒலிபெருக்கியிலிருந்து வருகிறது என்று தெரிவதற்குள் பாதிப் பேருக்குக் கழிவறை தேட வேண்டிவந்துவிடும். கை எட்டுகிற இடத்திலெல்லாம் டிஷ்யூ பெட்டி. அழாமல் திரும்பிப் போகிறவர்களை அங்கே கொஞ்சம் சந்தேகமாகப் பார்ப்பார்கள். மெத்தைக்காரன் சோபாவில் உட்கார்ந்ததும் அது எவ்வளவு மட்டமான பஞ்சு என்று புரிந்துகொண்டான். ஆனால் அதைக் கேட்க அங்கே யாரும் இல்லை.

இயக்குநர் வந்தார். பஸ் நிலைய அறிவிப்பாளர் தூக்கத்தில் பேசுவது போன்ற குரல்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். எல்லாக் குடும்பப் பிரச்சினைக்கும் ஒரே காரணம்தான். புருஷன் பெண்டாட்டி ஒருத்தரோட ஒருத்தர் நேரடியாப் பேசிக்கறது. யோசிச்சுப் பாருங்க. பேசாம எந்தத் தம்பதியாவது சண்டை போட்டிருக்காங்களா?"

"நாங்க பேசாமத்தான் சண்டை போட்டுட்டிருக்கோம்" என்றான் மெத்தைக்காரன்.

"அது ஆரம்ப நிலை அறிகுறி" என்றார் இயக்குநர். "அதனாலதான் எங்க மையத்துல பதிலாள் முறை. உங்களுக்கு ஒரு பதிலாள், அவங்களுக்கு ஒரு பதிலாள். ரெண்டு பேரும் படிச்சுப் பயிற்சி எடுத்தவங்க. உங்க சார்பா அவங்க பேசுவாங்க, உங்க சார்பா அவங்க கோபப்படுவாங்க, உங்க சார்பா அழுவாங்க. நீங்க நிம்மதியா இருக்கலாம். எங்க மையத்துக்குத் தோல்வியே கிடையாது, தெரியுமா? சேர்ந்துட்டா இணக்கமான இணைவுன்னு சொல்லுவோம். பிரிஞ்சுட்டா இணக்கமான பிரிவு. ரெண்டும் இல்லைன்னா தொடர் சிகிச்சை. எங்களுக்கு ரொம்பப் பிடிச்சது மூணாவதுதான்."

மனைவி தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். "சார், எனக்கு ஒரு வேலை விஷயமா மாசக் கடைசிக்குள்ள..."

பக்கத்தில் மணி ஒலித்தது. மூலையில் ஸ்டூல் போட்டு ஒரு பெண்மணி கையில் மணியோடு உட்கார்ந்திருந்தாள். அவள் மௌனக் கண்காணிப்பாளர். தம்பதிகள் வாயைத் திறந்தால் மணியடிப்பது அவள் உத்தியோகம்.

"எதுவா இருந்தாலும் உங்க பதிலாள் சொல்வார்" என்றார் இயக்குநர்.

பாரபட்சம் வரக்கூடாது என்பதற்காக ஆணுக்குப் பெண் பதிலாள், பெண்ணுக்கு ஆண் பதிலாள் என்பது மையத்தின் கொள்கை. மெத்தைக்காரனுக்குக் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் வாய்த்தாள். அவன் மனைவிக்குத் தாடி வைத்த ஓர் இளைஞன். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. "அதனால முன்முடிவு எதுவும் இல்லாதவங்க" என்று இயக்குநர் அதையும் ஒரு தகுதியாகச் சொன்னார்.

தம்பதிகள் நிரப்பிக் கொடுத்த படிவங்களோடு பதிலாட்கள் ஒரு கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்தார்கள். கணவனும் மனைவியும் வெளியே பெஞ்சில். சத்தம் கேட்டால் நேரடியாகப் பாதிக்கப்படுவார்கள் என்பதால் கண்ணாடி தடிமனானது, ஒன்றும் கேட்காது. வாயசைவு மட்டும் தெரியும். கண்ணாடி அம்மாள் மேசையைத் தட்டினாள். தாடிக்காரன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். பிறகு டிஷ்யூவை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தான்.

மனைவி கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வாய்க்குள்ளேயே, "நான் எதுக்கு இப்படி அழறேன்?" என்றாள்.

"தெரியலையே. நான் ஏதோ சொல்லிட்டேன் போல" என்றான் அவன்.

மணி ஒலித்தது. ஒரு வருஷத்தில் அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது. மையம் அதை விதிமீறல் என்று குறித்துக்கொண்டது.

அன்றைய முடிவை இயக்குநர் அறிவித்தார். "பிரமாதமான தொடக்கம். பிரச்சினையோட வேர் தெரிஞ்சுடுச்சு. உங்களுக்குக் குழந்தை இல்லாததுதான்."

"அதைப் பத்தி எங்களுக்குள்ள சண்டையே வந்ததில்லையே" என்றான் மெத்தைக்காரன். மனைவியும் வேகமாகத் தலையாட்டினாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு விஷயத்தில் இருவரும் ஒன்றுபட்டார்கள். மணி இரண்டு முறை ஒலித்தது.

"வந்ததில்லைங்கறதுதான் பிரச்சினை" என்றார் இயக்குநர். "இனிமே வரும். நாங்க கொண்டு வந்துடுவோம்."

அடுத்த கட்டம் வீட்டு ஆய்வு. தம்பதிகளின் வாழ்க்கையைப் பதிலாட்கள் உள்ளிருந்தே உணர வேண்டும் என்பதால், ஒரு விடுமுறை நாள் முழுக்க அவர்கள் அந்த வீட்டில் வாழ்வார்கள். அசல் தம்பதிகள் உள்ளே இருந்தால் ஆய்வு கெட்டுவிடும். ஆகவே காலையிலேயே கண்ணாடி அம்மாளும் தாடிக்காரனும் வந்து சாவியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டார்கள். கணவனும் மனைவியும் மாடிப்படியில் உட்கார்ந்தார்கள். மௌனக் கண்காணிப்பாளர் மேல்படியில் மணியோடு.

மதியம் வரை உள்ளே சத்தமில்லை. பிறகு ஏதோ பாத்திரம் விழுந்தது. தாடிக்காரன் குரல் தெருவரை கேட்டது. "இந்த வீட்ல எனக்குன்னு ஒரு அலமாரி இருக்கா? ஒரு தட்டு இருக்கா? என் துணியை நான் எங்க வைக்கறது?"

"நாள் பூரா கடையில நின்னுட்டு வந்து தரையில படுக்கறேன்! என் முதுகைப் பத்தி யாராவது கேட்டீங்களா?" என்று கண்ணாடி அம்மாள் கத்தினாள்.

பக்கத்து வீட்டுக்காரர் பதறிப்போய் வெளியே வந்தார். படியில் உட்கார்ந்திருந்த இருவரையும் பார்த்து, "என்ன சார், உள்ள யாரு சண்டை போடறது?" என்று கேட்டார்.

"நாங்கதான்" என்றான் மெத்தைக்காரன்.

பக்கத்து வீட்டுக்காரர் அவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மேல்படியில் மணியோடு இருந்தவளைப் பார்த்தார். "சரி, சீக்கிரம் சமாதானம் ஆகுங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்புக்கு மணி அடிக்கலாமா கூடாதா என்று கண்காணிப்பாளருக்கே தெரியவில்லை. விதியில் அது இல்லை. அங்கே யாரும் சிரித்ததே இல்லை போலிருக்கிறது.

சாயங்காலம் கதவு திறந்தபோது பதிலாட்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வெளியே வந்தார்கள். நிஜமாகவே சண்டை. ஃபேனை எந்த வேகத்தில் வைப்பது என்று ஆரம்பித்ததாம். அன்றிலிருந்து இருவரும் பேசிக்கொள்வதில்லை. கண்ணாடி அறைக்குள் ஆளுக்கொரு மூலையைப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

ஊரில் வேறு எந்த அலுவலகமாக இருந்தாலும் இதற்குள் வெட்கப்பட்டிருக்கும். இயக்குநர் கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

"இவ்வளவு ஆழமான முன்னேற்றத்தை நான் பார்த்ததே இல்ல" என்றார். "உங்க பிரச்சினை முழுசா அவங்களுக்குப் போயிடுச்சு. இப்ப அவங்களுக்குச் சிகிச்சை தேவை. அதனால உங்க பதிலாட்களுக்கு ரெண்டு பதிலாட்கள் ஏற்பாடு பண்ணியிருக்கேன். கொஞ்சம் நகர்ந்து உக்காருங்க."

பெஞ்சில் இப்போது நான்கு பேர். தாடிக்காரன் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டான். கண்ணாடிக்குள்ளே புதிதாக இரண்டு பேர் அவனுக்காகவும் கண்ணாடி அம்மாளுக்காகவும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். தனக்கும் மனைவிக்கும் நடுவில் என்ன தகராறு என்று நினைவிருக்கும் ஆள் அந்தக் கட்டடத்திலேயே தாங்கள் இருவர்தான் என்று மெத்தைக்காரனுக்குத் தோன்றியது. அவர்களைத்தான் யாரும் கேட்கவில்லை. அவனும் இன்னும் அவளைக் கேட்கவில்லை.

மாசக் கடைசி வந்தது. மனைவி காலையிலிருந்தே கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். வழியெல்லாம் அவன் பலமுறை வாயைத் திறந்து மூடினான். மையத்துக்குள் நுழையும்போது அவள் செல்போனைப் பெட்டியில் போடாமல் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அவன் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தான்.

இயக்குநர் எல்லாரையும் பெரிய அறைக்குக் கூப்பிட்டார். பதிலாட்கள், பதிலாட்களின் பதிலாட்கள், மணிக்காரப் பெண்மணி எல்லாரும் நின்றார்கள்.

"ஒரு நல்ல செய்தி" என்றார் அவர். "லேப் வேலை விஷயம் ஒண்ணு உங்க ரெண்டு பேர் மனசையும் அரிச்சுக்கிட்டிருந்தது இல்லையா? அதை நாங்களே முடிச்சுட்டோம். இன்னிக்குக் காலையில லேபுக்குப் போன் பண்ணி, உங்க சார்பா, அவங்க வரலைன்னு சொல்லிட்டோம்."

மனைவியின் முகத்தில் ரத்தம் இல்லை. ஊர் ரத்தத்தையெல்லாம் எடுத்தவளுக்கு அந்த நிமிஷம் ஒரு சொட்டு இல்லை.

"வேற ஊருக்குப் போயிட்டா வாரா வாரம் இங்க வர முடியாதே" என்று இயக்குநர் அன்போடு விளக்கினார். "சிகிச்சை தடைப்படும். உங்க நல்லதுக்குத்தான்."

"அவளைக் கேட்டீங்களா?"

கேட்டது மெத்தைக்காரன். அவன் எழுந்து நின்றிருந்தான். மணி ஒலித்தது.

"அவங்க பதிலாளைக் கேட்டோம்" என்றார் இயக்குநர்.

"நான் ஒத்துக்கிட்டேன்" என்றான் தாடிக்காரன், தரையைப் பார்த்து.

"நீ யாருய்யா ஒத்துக்கறதுக்கு? அவளுக்கு வாய் இல்லையா? இதோ உக்காந்திருக்காளே, கண்ணு தெரியலையா? ஒரு வார்த்தை கேட்டா உங்களுக்கெல்லாம் என்ன குறைஞ்சு போயிடும்? அவ வேலை, அவ இஷ்டம். நடுவுல நீங்க யாரு போனை எடுத்து..."

அங்கே நின்றுவிட்டான். மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அவன் திரும்பி மனைவியைப் பார்த்தான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் கத்திக்கொண்டிருந்தது யாரை என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. காது மடல் சுட்டது. ஒரு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த பதில் இது. அதை வேறு யாரையோ திட்டும்போது கண்டுபிடிக்க வேண்டியிருந்தது அவனுக்கு அவமானமாக இருந்தது.

"தப்பு பண்ணிட்டேன்" என்றான். பிறகு, "போறியா?" என்று கேட்டான்.

அவள் எழுந்து மணிக்காரப் பெண்மணியிடம் போனாள். "அதைக் கொஞ்சம் கீழ வைக்கறீங்களா?" என்று கேட்டாள். ஊசிக்கு முன் கேட்கும் அதே குரல். அந்தப் பெண்மணியை அதுவரை அங்கே யாரும் எதையும் கேட்டதில்லை. மணியை மெல்லக் கீழே வைத்தாள்.

மனைவி கைப்பையிலிருந்து செல்போனை எடுத்தாள்.

"மேடம், நான்தான். ஆமா, நானேதான் பேசறேன். காலையில பேசினது நான் இல்ல, யாரோ. நான் வரேன். ஒண்ணாந்தேதியே வரேன்."

வைத்தாள். ஒலிபெருக்கியில் ஓடை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப நான்?" என்றான் மெத்தைக்காரன்.

"நீங்க என்ன?"

"நானும் வரட்டுமா?"

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். உதட்டோரத்தில் மாடிப்படிச் சிரிப்பு கொஞ்சம் இருந்தது.

வெளியே போகும்போது இயக்குநர் பின்னாலேயே வந்தார். "பாதியில நிறுத்தறது ஆபத்து! நீங்க நேரடியாப் பேசிட்டீங்க, பின்விளைவு இருக்கும்!" என்றார். அவர்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். "சரி, பரவாயில்ல. நீங்க வராட்டியும் உங்க சார்பா நாங்க தொடர்ந்து நடத்திடறோம்" என்று தன்னையே தேற்றிக்கொண்டார். அவர் சொன்னதைச் செய்கிற மனிதர்.

பின்விளைவு இருந்தது. புது ஊருக்குப் போய் ஒரு வாரம் யோசித்துவிட்டு அவள் போனில், "சரி, வாங்க" என்றாள். அந்த ஊரிலும் மனிதர்கள் படுத்துத்தான் தூங்குகிறார்கள் என்பதால் அவனுக்கும் ஒரு மெத்தைக் கடையில் இடம் கிடைத்தது. விரிப்பை மடித்துப் பரணில் போட்டார்கள். சண்டை வராமல் இல்லை. வாரத்துக்கு ஒருமுறை, நல்ல சத்தமாக, நேரடியாக வந்தது.

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மையத்திலிருந்து போன். வரவேற்பறைப் பெண் தேன் தடவிய குரலில் பேசினாள்.

"சார், வாழ்த்துகள்! உங்க பதிலாட்களோட பதிலாட்கள் நேத்து இறுதி முடிவுக்கு வந்துட்டாங்க. உங்க சார்பா நீங்களும் உங்க மனைவியும் இணக்கமாப் பிரிஞ்சுட்டீங்க. எல்லாருமே ரொம்ப அழுதாங்க. உங்களுக்கு இதுல ஏதாவது ஆட்சேபம் உண்டா?"

"இருங்க, அவளைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றான் மெத்தைக்காரன்.

போனைக் கையால் பொத்திக்கொண்டு பின்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "ஏம்மா! நாம பிரிஞ்சுட்டோமாம். உனக்குச் சம்மதமா?"

"இன்னிக்கு முடியாதுன்னு சொல்லுங்க" என்று பதில் வந்தது. "போர்வையெல்லாம் துவைச்சு வெச்சிருக்கேன். வந்து ஒரு முனையைப் பிடிச்சுப் பிழியுங்க."

"கேட்டுட்டேன்மா" என்றான் அவன் போனில். "இன்னிக்கு முடியாதாம்." வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனான்.